ஒரே பாய், ஒரே பந்தி: ஆர்.சி. தொடக்கப் பள்ளியும் அன்பின் நடைமுறையும்

2024 ஜூலை 15, காமராசர் பிறந்த நாள். திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில் குழந்தைகள் காலையிலேயே பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதியின் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு அன்றுதான் வந்து சேர்ந்தது. 3,995 பள்ளிகள், சுமார் 2.23 லட்சம் குழந்தைகள். ஓராண்டு கழித்து, 2025 ஆகஸ்ட் 26 அன்று, நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் திட்டம் நீண்டது. சுமார் 2,430 பள்ளிகள், மூன்று லட்சம் குழந்தைகள். அதன் தொடக்க விழா சென்னை மயிலாப்பூரின் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் நடந்தது. இரண்டுமே கத்தோலிக்கப் பள்ளிகள்.

உதவி பெறும் பள்ளிகளுக்கான விழாவுக்கு உதவி பெறும் பள்ளி ஒன்றைத் தேர்ந்தது இயல்புதான். அது கத்தோலிக்கப் பள்ளியாக அமைந்தது தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தப் பந்தியைப் பார்க்கும்போது எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது. கத்தோலிக்கப் பள்ளி என்றதும் நம் ஊரில் எல்லோரும் சொல்வது ‘ஒழுக்கம்’, ‘கண்டிப்பு’. இந்து, இசுலாமியப் பெற்றோரும் “சிஸ்டர் ஸ்கூல்ல போட்டா பிள்ளை ஒழுங்கா வளரும்” என்றுதான் சேர்க்கிறார்கள். பள்ளிச் சுவரிலோ அன்பைப் பற்றிய நற்செய்தி வசனம் எழுதியிருக்கும். அந்த வசனம் சுவரிலிருந்து இறங்கி ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கையிலும் வாயிலும் எப்படி வந்து சேர்கிறது? எந்த இடத்தில் சேராமல் போகிறது?

இதற்குப் போதனையில் விடை தேடுகிறவர்கள் பலர். நான் தேடுவது ஏற்பாட்டில். யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள், ஒரே பானையிலிருந்து யார் யாருக்குப் பரிமாறப்படுகிறது, எந்த வாசல் வழியாக யார் உள்ளே வருகிறார்கள் என்பவைதான் சிறு பிள்ளைகளுக்கு அன்பின் பாடப்புத்தகம். கத்தோலிக்கப் பள்ளிகளின் சொந்த வரலாறே இதற்குச் சான்று.

பாடத்துக்கு முன்னால் ரொட்டி

பிரான்சின் ரைம்ஸ் நகரில் 1679இல் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தத் தொடங்கியவர் ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் என்ற குரு. ஆசிரியர்களைக் கொண்டே ஒரு சபையை உருவாக்கினார். இன்று தூத்துக்குடியில் அவர் பெயரில் பள்ளி இருக்கிறது. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். லசாலும் அவருடைய தோழர்களும் சேர்ந்து பள்ளி நடத்தும் முறையை ஒரு கையேடாக எழுதினார்கள். 1706இல் கையெழுத்துப் படியாக இருந்த அது, லசால் இறந்த மறு ஆண்டு, 1720இல் அச்சேறியது.

அந்தக் கையேட்டின் வரிசையைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குள் நுழைவது எப்படி என்று முதலில் சொல்கிறது. அடுத்து வருவது காலை உணவு. பாடங்களின் முறை அதற்கும் பிறகுதான் வருகிறது. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் ரொட்டியை வகுப்பிலேயே, ஆசிரியரின் கண்முன், எல்லோருமாகச் சாப்பிட வேண்டும். வகுப்பில் ஒரு கூடை சுற்றிவரும். மிஞ்சிய ரொட்டியை அதில் போடலாம். ஒன்றும் கொண்டுவராத ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் அதைப் பகிர்ந்து கொடுப்பார். கூடையைக் கவனிப்பதும் ஒரு மாணவனின் பொறுப்பு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தொடக்கப் பள்ளி, பசியைப் பள்ளியின் வேலையாக ஏற்றுக்கொண்டு அதற்கென ஒரு மாணவனையே நியமித்திருக்கிறது. எனக்கு இது பெரிய செய்தி.

அதே கையேட்டில் தண்டனைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. எந்தத் தவறுக்குப் பிரம்பு, எத்தனை அடி என்று அது வகுத்துச் சொல்கிறது. அக்காலத்துப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் அது அடியைக் குறைக்கப் பார்த்த நூல்தான். ஆனாலும் ரொட்டிக் கூடையும் பிரம்பும் ஒரே நூலில்தான் இருந்தன, ஒரே வகுப்பிலும் இருந்தன. கத்தோலிக்கப் பள்ளியின் ‘கண்டிப்பு’ என்ற பெயருக்கு அவ்வளவு பழைய வேர் இருக்கிறது.

லசாலைப் பாரிஸின் எழுத்தாசான்கள் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். கட்டணம் கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகளையும் ஏழைகளோடு சேர்த்து இலவசமாகப் படிக்கவைக்கிறார், எங்கள் பிழைப்பு போகிறது என்பது அவர்களுடைய வழக்கு. ஏழைகளுக்கென்று தனியாக ஒரு பள்ளி நடத்தியிருந்தால் யாரும் அவரை எதிர்த்திருக்க மாட்டார்கள். கலந்து உட்காரவைத்ததுதான் குற்றமாகத் தெரிந்தது.

அந்தக் கூடையில் ஒரு குறையும் இருக்கிறது. ரொட்டி வாங்கிய பிள்ளைகள், கொடுத்தவர்களுக்காகக் கடவுளை வேண்டிக்கொள்ள வேண்டும் என்று கையேடு சொல்கிறது. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் யார் கொடுப்பவன், யார் வாங்குபவன் என்பது வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. கீழச்சேரியிலும் மயிலாப்பூரிலும் போடப்பட்ட பந்தி இந்த இடத்தில் கூடையைவிட உயர்ந்தது. உப்புமாவோ, கிச்சடியோ, பொங்கலோ, எல்லாத் தட்டிலும் ஒன்றே. குழந்தைகளுக்குள் கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. தானத்தால் வராத சமத்துவம் உரிமையால் வருகிறது. இந்தப் பாடத்தைத் திருச்சபை அரசிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

நம் ஊரில் வந்த வழி

தமிழ்நாட்டின் ஆர்.சி. தொடக்கப் பள்ளி ஓர் ஒட்டுச்செடி. வேர் பங்குக் கோயிலில், நீர் அரசுக் கருவூலத்தில். புதுச்சேரியில் 1844இல் கூடிய குருக்கள் மாமன்றம் பெண் குழந்தைகளின் கல்வியைப் பற்றிப் பேசியது. அதே ஆண்டில் துப்புய் என்ற பிரெஞ்சுக் குரு, தமிழ்ப் பெண்களைக் கொண்ட ஒரு துறவற சபையை இந்தப் பணிக்காகவே அங்கு தொடங்கினார். பத்தாண்டு கழித்து, 1854இல், உட்ஸ் அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் முறையைக் கொண்டுவந்தது. மடமும் மானியமும் சேர்ந்த இடத்தில் இன்றைய ‘அரசு உதவி பெறும் ஆர்.சி. பள்ளி’ முளைத்தது. தாளாளர் பெரும்பாலும் பங்குச் சாமியார். தலைமையாசிரியை பல இடங்களில் ஒரு சிஸ்டர். சம்பளம் அரசுடையது. பிள்ளைகளில் கத்தோலிக்கர் பல ஊர்களில் சிறுபான்மை.

இந்தக் கலப்பு காலை வழிபாட்டிலேயே தெரியும். பிறகு ஒரு மணி அடிக்கும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்கு எழுந்து போவார்கள். மற்றவர்களுக்கு நீதிபோதனை. மானியம் பெறும் பள்ளியில் பெற்றோரின் இசைவின்றி ஒரு குழந்தையைச் சமய போதனைக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28(3)ஆம் கூறு. அதனால் இந்தப் பிரிவு சட்டப்படி சரியானது, தேவையானதும்கூட. ஆனாலும் நான் படித்த பள்ளியில் அந்த மணி அடித்ததும் பக்கத்துப் பையன் எழுந்து தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த நினைவு எனக்கு இன்னும் உண்டு. இரு அறைகளிலும் நாங்கள் கேட்டது ஏறக்குறைய ஒரே கதை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனை வேற்றினத்தான் ஒருவன் தூக்கிப் போன கதை. அந்தக் கதையை நாங்கள் ஒரே அறையில் கேட்டிருக்கலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளியின் தனித்தன்மை எது என்று கேட்டு, நற்செய்தியின் சுதந்திரமும் அன்பும் நிறைந்த ஒரு கூட்டுறவுச் சூழலை உருவாக்குவதே என்று பதில் சொல்கிறது. ஞானோபதேச வகுப்பையோ தேர்ச்சி விழுக்காட்டையோ அது முதலில் வைக்கவில்லை. சூழலைத்தான் வைக்கிறது.

பள்ளி ஆண்டில் இந்தச் சூழலுக்கென்றே சில பழக்கங்கள் உண்டு. தவக்காலத்தில் காணிக்கை உண்டியலும் பிடியரிசியும். டிசம்பரில் ‘கிறிஸ்மா’ விளையாட்டு: சீட்டுக் குலுக்கி ஒரு பெயரை எடுத்து, அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலேயே சின்னச் சின்ன நன்மைகள் செய்து, கடைசி நாளில் இன்னார் என்று தெரியப்படுத்துவது. திருப்பாலத்துவ சபை என்று ஒன்றும் உண்டு. பிரான்சில் 1843இல் நான்சி நகரின் ஆயர் ஃபோர்பின் ஜான்சன் தொடங்கியது. நாளுக்கு ஒரு செபம், மாதத்துக்கு ஒரு காசு, குழந்தைகளே குழந்தைகளுக்கு உதவுவது என்பது அதன் அடிப்படை.

இவற்றில் நான் கிறிஸ்மாவுக்குத்தான் முதலிடம் தருவேன். உண்டியலில் காசு போடும் பிள்ளை யாரையும் பார்ப்பதில்லை. பத்து ரூபாய் கொண்டுவந்தவன் கைதட்டல் பெற, ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாத வீட்டுப் பிள்ளை தலைகுனிவதும் உண்டு. கிறிஸ்மாவில் பணம் வேண்டாம். சீட்டில் வந்த பெயர் நம் தெருக்காரனாகவும் இருக்கலாம், இதுவரை பேசாதவனாகவும் இருக்கலாம். பென்சில் சீவி வைக்க வேண்டும், தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைக்க வேண்டும். அதற்கு முதலில் அவனைக் கவனிக்க வேண்டும். இதன் அருமையை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

வாரத்துக்கு மூன்று நன்மை

கனடாவின் வான்கூவர் நகரில் 9 முதல் 11 வயதுக் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. 19 வகுப்பறைகள், நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஒரு பாதியினர் வாரத்துக்கு மூன்று முறை யாருக்காவது ஒரு நன்மை செய்து எழுதிவைக்க வேண்டும். மறுபாதியினர் தாங்கள் போய்வந்த மூன்று இடங்களை எழுதினால் போதும். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் இரு பாதியினருமே முன்னைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஆனால் நன்மை செய்த பிள்ளைகளைத் தங்களோடு சேர்ந்து வேலைசெய்ய விரும்பிய வகுப்புத் தோழர்களின் எண்ணிக்கை கூடுதலாக உயர்ந்திருந்தது. அன்பு காட்டியவனுக்கே நட்பு திரும்பி வந்தது. நான்கு வார ஆய்வு நான்கு வாரத்தைப் பற்றித்தான் பேச முடியும் என்பது உண்மையே. ஆனால் ஒரு பள்ளி இதையே ஐந்து வருடம் செய்யலாம். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

சிகாகோவில் மழலையர் வகுப்பு ஆசிரியையாக இருந்த விவியன் பேலி இன்னும் துணிந்து ஒரு விதியே போட்டார். ‘விளையாட்டில் உன்னைச் சேர்க்க மாட்டோம்’ என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அந்த விதி. அதைப் பற்றி 1992இல் ஒரு புத்தகம் எழுதினார். விதியைக் கொண்டுவருவதற்கு முன் மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் போய்க் கருத்துக் கேட்டார். நியாயமான விதிதான், ஆனால் நடக்காது என்று பலர் சொன்னார்கள். நடத்திப் பார்த்தார், நடந்தது. ஒதுக்கப்பட்ட பிள்ளையைச் சமாதானப்படுத்துவதை விட்டுவிட்டு, ஒதுக்கும் உரிமை ஒருவனுக்கு ஏன் இருக்க வேண்டும் என்று அவர் கேட்டார். நம் பள்ளிகளின் இடைவேளை நேரத்தை ஒருநாள் ஓரமாக நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கூர்மை புரியும்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படும் ஆய்வு நம் நாட்டுடையது. டெல்லியில் அரசிடம் சலுகை விலையில் நிலம் பெற்ற வசதியான தனியார் பள்ளிகள், 2007 முதல் ஏழைக் குழந்தைகளுக்கு 20 விழுக்காடு இடம் தர வேண்டியிருந்தது. இதனால் பணக்காரப் பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று 17 பள்ளிகளில் ஆராய்ந்தார் பொருளியலாளர் கௌதம் ராவ். 2019இல் வெளியான முடிவு இது: ஏழை வகுப்புத் தோழர்களோடு படித்த பணக்காரப் பிள்ளைகள், தங்களிடம் இருப்பதைப் பங்கிடச் சொன்னபோது அதிகமாகப் பங்கிட்டார்கள். தொடர் ஓட்டத்துக்கு அணி சேர்க்கச் சொன்னபோது, வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையை விட்டுவிட்டு மெதுவாக ஓடும் பணக்காரப் பிள்ளையை எடுக்கும் போக்கு அவர்களிடம் குறைந்திருந்தது. இந்தி, கணிதத்தில் மதிப்பெண் குறையவில்லை. ஆங்கிலத்தில் சிறிது குறைந்தது.

இந்த ஆய்வின் ஒரு நுணுக்கம் நமக்கு வேண்டியது. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகரவரிசைப்படி பிரித்திருந்தார்கள். யாருடைய குழுவில் ஏழைப் பிள்ளை வரும் என்பதை யாரும் முடிவுசெய்யவில்லை, எழுத்து முடிவுசெய்தது. அப்படி ஒரே குழுவில் அமர்ந்த பிள்ளைகளிடம் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. ஒரே கட்டடத்தில் இருப்பதைக் காட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதே மனத்தை மாற்றும் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

திருநெல்வேலிச் சுவர்கள்

அகரவரிசை என்ற சொல் தமிழ்நாட்டில் வேறொரு துயரத்தின் வழியாக வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவன் ஒருவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்பவற்றோடு அது சொன்ன இன்னொன்று: மாணவர்களை அகரவரிசைப்படி அமரவையுங்கள். எளிய பரிந்துரை என்று பலர் கடந்துபோனார்கள். டெல்லி ஆய்வைப் படித்தவர்களுக்கு அது எளியதாகத் தோன்றாது.

கயிறு கட்டுவது உயர்நிலை வகுப்பில். அந்தக் கயிறு நூற்கப்படுவது அதற்கு வெகு முன்னால். யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யாரை எப்படிக் கூப்பிடலாம் என்பதை ஆறு வயதுக் குழந்தை கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பள்ளிக்கு வருகிறது. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய எட்டயபுரத்துக்கு அருகே உசிலம்பட்டி என்று ஒரு சிற்றூர். 2023 செப்டம்பரில் அங்கே, தலித் பெண் ஒருவர் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆட்சியரும் வந்து குழந்தைகளோடு உட்கார்ந்து அந்த உணவைச் சாப்பிட்ட பிறகே நிலைமை மாறியது. மறுத்தவர்கள் பெரியவர்கள். பசித்திருந்தவர்கள் குழந்தைகள்.

கத்தோலிக்கர்கள் இதில் வெளியாட்கள்போல நின்று பேச முடியாது. நாங்குநேரி இருக்கும் அதே திருநெல்வேலி மாவட்டத்தின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்கு இரண்டு கூடங்கள். ஒன்றில் வெள்ளாளர், மற்றொன்றில் நாடார். நடுவில் சுவர். பீடம் மட்டும் பொது. இரு பக்கத்தாரும் ஒரே பூசையைக் கண்டார்கள், ஒருவரை ஒருவர் காணவில்லை. 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. தனி இடம் எங்கள் உரிமை என்று வெள்ளாளர் தரப்பு ஆயர் பார்த் மீது தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. சாதி பாராமல் பழகியதற்காகவும் நினைக்கப்படும் தேவசகாயம் பிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்ற ஊரும் இந்த வடக்கன்குளம்தான். 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் தரப்பட்டது. ஒரே ஊர் சுவரையும் எழுப்பியிருக்கிறது, புனிதரையும் தந்திருக்கிறது.

சுவரை இடித்தால் சாதி போய்விடாது. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. நேர்மையான ஒப்புதல். ஆனால் சுவர் நிற்கும்வரை மற்ற எந்தப் போதனையும் எடுபடாது. இடித்த பிறகுதான் போதிப்பதற்கே இடம் கிடைக்கிறது. ஏற்பாடு முதலில், போதனை அப்புறம் என்று நான் சொல்வது இதனால்தான்.

காலை உணவுத் திட்டத்தின் ஒரு விதியை இந்த இடத்தில் பாராட்ட வேண்டும். ஊரகப் பள்ளிகளில் சமைப்பவர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர், அவருடைய பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும். கரண்டி பிடித்திருப்பவர் பந்தியில் இருக்கும் ஒரு குழந்தையின் அம்மா. மற்ற பிள்ளைகளுக்கும் அவர் மெல்ல மெல்ல ‘அத்தை’யாகவோ ‘சின்னம்மா’வாகவோ ஆகிவிடுகிறார். சாதிப் பெயருக்குப் பதில் உறவுப் பெயர் வாயில் வந்து உட்கார்வது தொடக்கப் பள்ளி வயதில்தான் இயலும்.

வகுப்பறைக்குள்ளும் கவனிக்க ஒன்று இருக்கிறது. 2022 முதல் நடக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகள் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்களாகத் தரையில் வட்டமாக உட்காருகிறார்கள். பாடம் நடத்த வசதியான முறை. ஆனால் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் அரும்பு என்பது வகுப்புக்குத் தெரியும். அரும்பில் இருப்பவர்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு தலைமையாசிரியை எண்ணிப் பார்த்தால், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாதவர்களே அதிகம் இருக்கக் காண்பார். படிப்புக்கு இந்தக் குழு இருக்கட்டும். சாப்பாட்டுக்கும் விளையாட்டுக்கும் தோட்ட வேலைக்கும் அகரவரிசைக் குழு இருக்கட்டும். ஒருவன் ஒரு வட்டத்தில் கடைசி என்றால் இன்னொரு வட்டத்தில் முதல்வனாக இருக்க வழி வேண்டும்.

பிரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழக அரசு 2003இல் கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளியில் உடல் தண்டனையைத் தடைசெய்தது. அதற்கு நூற்றாண்டுக்கும் முன்பே, இத்தாலியில் தொன் போஸ்கோ, பிள்ளைகளை அடித்துத் திருத்துவதைவிட உடனிருந்து தவறைத் தடுப்பதே கல்வி என்று 1877இல் எழுதினார். அறிவு, சமயம், கனிவு என்ற மூன்றின்மேல் அந்த முறையை நிறுத்தினார். அவருடைய சபையார் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது 1884இல் அவர் எழுதிய கடிதத்தின் சாரம். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு ‘கண்டிப்பு’ ஒன்றையே நம் பள்ளிகள் விளம்பரமாக்கியது வருத்தம் தருகிறது. பயந்து அமைதியாக இருக்கும் வகுப்பு, பார்வைக்கு அன்பான வகுப்புபோலவே இருக்கும். சிஸ்டர் வெளியே போன ஐந்தாவது நிமிடம் இரண்டும் வேறு என்று தெரிந்துவிடும்.

வளாகத்தின் நடுவே

இன்று நம் நகரங்களில் பல கத்தோலிக்க வளாகங்களுக்குள் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று பழைய ஆர்.சி. தொடக்கப் பள்ளி. தமிழ் வழி, அரசு உதவி, காலை உணவு, கட்டணம் இல்லை. மற்றொன்று மெட்ரிகுலேஷன் அல்லது சி.பி.எஸ்.இ. பள்ளி. ஆங்கில வழி, கட்டணம், வேன், வேறு சீருடை. நடுவில் சில இடங்களில் சுவர், சில இடங்களில் கம்பிவேலி, சில இடங்களில் வெறும் பழக்கம். ஒரே மாதா கெபியின் முன் இரு பள்ளிப் பிள்ளைகளும் கை கூப்புகிறார்கள், ஒரே மைதானத்தில் வெவ்வேறு நேரத்தில் விளையாடுகிறார்கள். வடக்கன்குளத்துக் கூடங்கள் எனக்கு நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை.

இந்த இரட்டை ஏற்பாட்டுக்குக் காரணங்கள் சொல்வார்கள். தமிழ் வழிப் பள்ளியில் சேர்க்கை குறைகிறது, பெற்றோர் ஆங்கிலம் கேட்கிறார்கள், கட்டணப் பள்ளியின் வருமானத்தில்தான் மற்றப் பணிகள் நடக்கின்றன. இவை பொய்யல்ல. ஏழை மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை தரும் சிஸ்டர்களும் சாமியார்களும் நிறையப் பேர். ஆனால் சலுகை என்பது லசாலின் ரொட்டிக் கூடை. கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது, வாங்குபவரை அடையாளம் காட்டுவது.

கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகள் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்குத் தர வேண்டும் என்கிறது. 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு, அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கருதித் தலைமை நீதிபதிக்கு அனுப்பியிருக்கிறது. சிறுபான்மையினர் தங்கள் நிறுவனங்களைத் தாங்களே நடத்தும் உரிமை அரசமைப்பு தந்தது. அது சுருங்கக் கூடாது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த உரிமை எதற்காக? கத்தோலிக்கக் கல்விக்கான வத்திக்கான் பேராயம் 1977இல் வெளியிட்ட ஆவணம், திருச்சபையின் கல்விப் பணி முதன்மையாக ஏழைகளுக்கு உரியது என்றும், வசதி படைத்தவர்களையே நாடினால் அது அவர்களுடைய சலுகை நிலையைக் காப்பாற்றவே உதவும் என்றும் எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கைக்கு இன்னும் வயதாகவில்லை.

ஆகவே தமிழகத்து ஆயர்களுக்கும் துறவற சபைகளின் தலைவிகளுக்கும் இந்தக் கட்டுரை வழியாக ஒரு வேண்டுகோள். நீதிமன்றம் என்ன சொல்லப்போகிறது என்று காத்திருக்க வேண்டாம். வரும் ஜூனில் உங்கள் ஆங்கில வழிப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒன்றாம் வகுப்பின் கால் பங்கு இடங்களை, அதே வளாகத்தின், அதே பங்கின் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தாருங்கள். எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று கேட்காமல் தாருங்கள். தனிப் பிரிவாக வைக்காதீர்கள். சீருடையை ஒன்றாக்குங்கள், சாப்பாட்டு நேரத்தை ஒன்றாக்குங்கள். பிள்ளைகளைப் பெயரின் அகரவரிசையில் உட்காரவையுங்கள்.